இரவிகுளம் தேசியப் பூங்கா: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு போகிறவர்களில் அநேகம் பேர் ராஜமலைக்கும் போய்விட்டுத்தான் வருகிறார்கள். திரும்பி வந்ததும் சிலர் "அருமை" என்கிறார்கள். சிலர் "வரிசையில் நின்று நின்று கடைசியில் நாலு ஆட்டைப் பார்த்தோம்" என்று சலித்துக்கொள்கிறார்கள். இரு சாராரும் நடந்தது ஒரே சாலைதான். நடந்த வேகத்திலும், என்ன இருக்கிறது என்று தெரிந்து போனதிலும்தான் வித்தியாசம். தெரிந்தவர்களும் உறவினர்களும் கிளம்புவதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இரவிகுளம், ராஜமலை, வரையாடு பார்க் எல்லாம் ஒன்றா?

பூங்காவின் பெயர் இரவிகுளம். இங்கே வாழும் வரையாடு என்ற காட்டு ஆட்டை வைத்து வரையாடு பார்க் என்பதும் இதைத்தான். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது. அதில் பொதுமக்களை விடும் ஒரு சிறு பகுதிதான் ராஜமலை. மற்றதெல்லாம் ஆராய்ச்சியாளர்களும் வனத்துறையினரும் மட்டும் போகும் இடம். ஆட்டோக்காரர் "ராஜமலை போகலாமா" என்றால் இதைத்தான் சொல்கிறார்.

எப்போது மூடுவார்கள்?

இதைக் கேட்காமல் கிளம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். ஆண்டுதோறும் வரையாடுகள் குட்டி போடும் பருவத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள். பொதுவாக பிப்ரவரி தொடக்கத்தில் மூடி மார்ச் கடைசியில் திறப்பார்கள். குட்டிகள் முன்பே பிறக்கத் தொடங்கிவிட்டால் ஜனவரியிலேயே மூடுவதும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் மூணாறுக்கு அறை போட்டிருந்தால் இந்தப் பூங்காவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்டில் போய்க் கெஞ்சிப் பயனில்லை.

இன்னொரு பக்கம் பார்த்தால், திறந்தவுடன் ஏப்ரலில் போகிறவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். இரண்டு மாதக் குட்டிகள் தாயை உரசிக்கொண்டும் பாறையில் தாவிப் பழகிக்கொண்டும் இருக்கும்.

அப்படியானால் எந்த மாதம் நல்லது?

குட்டிகளுக்கு ஏப்ரல், மே. ஆனால் மே விடுமுறைக் கூட்டத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மலை பச்சையாக, ஓடைகள் நிறைந்து, வானமும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டுமானால் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரை. டிசம்பரில் குளிர் நன்றாக இருக்கும், ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே மலை இருப்பதே தெரியாத நாட்களும் வரும். மழையில் நனைவதும் மூடுபனியில் நடப்பதும் பிடிக்கும் என்றால் அதற்கும் ஒரு அழகு இருக்கிறது. தூரத்துக் காட்சிதான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த மாதங்கள் சரிப்படாது.

தமிழ்நாட்டிலிருந்து எந்த வழி?

மதுரை, தேனிப் பக்கத்துக்காரர்களுக்குப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு. அங்கிருந்து மறையூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் பூங்கா வாசல். கோவை, திருப்பூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் உடுமலையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட், மறையூர் வழியாக வரலாம். இந்த வழியில் மூணாறுக்கு முன்பாகவே பூங்கா வந்துவிடும். என் ஓட்டு உடுமலை வழிக்குத்தான். முள்மரங்கள் நிற்கும் வறண்ட காட்டில் தொடங்கி, சந்தன மரங்களுக்கு நடுவே ஏறி, தேயிலைத் தோட்டத்தில் முடியும் சாலை அது. ஒரே நாளில் மூன்று வகை நிலத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் சின்னாறு காட்டுப்பகுதியைப் பொழுது சாய்வதற்குள் தாண்டிவிடுங்கள். யானை நடமாட்டம் அதிகம்.

டிக்கெட், வரிசை எல்லாம் எப்படி?

சொந்த வண்டியில் மேலே போக முடியாது. வாசலில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏறித்தான் ராஜமலைக்குப் போக வேண்டும். பஸ் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் ஆட்களை விடுவார்கள் என்பதால் விடுமுறை நாட்களில் வரிசை நீண்டுவிடும். முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது. அப்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, காலை முதல் பஸ். கூட்டம் குறைவு, வெளிச்சம் நன்றாக இருக்கும். மூடுபனி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் ஏறி வரும். ஆடுகளும் வெயில் ஏறுவதற்கு முன் நன்றாக மேயும். பத்து மணிக்கு மேல் மூணாறு ஓட்டல்களிலிருந்து வேன்கள் வரிசையாக வந்து சேரும்.

பஸ்ஸில் இறங்கிய பிறகு உள்ளே என்ன செய்வது?

நடப்பதுதான். மலைச் சரிவை ஒட்டி மேலே போகும் தார்ச்சாலை, ஓரிரு கிலோமீட்டர். கடைசியில் ஒரு தடுப்பு இருக்கும். அதுவரை போய்த் திரும்பி வர வேண்டும். சாகச விளையாட்டு என்று ஒன்றும் கிடையாது. இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும்.

நான் சொல்லும் யோசனை இது. முதல் அரை மணி நேரம் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாலையின் மேல்பக்கத்துச் சரிவை மட்டும் பாருங்கள். எல்லோரும் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். விஷயம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தண்ணீர் கசியும் பாறையில், விரல் நகம் அளவு இளஞ்சிவப்புப் பூக்களோடு காட்டுக் காசித்தும்பைச் செடிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை முடிந்த மாதங்களில் ஈரப் புல்லுக்கு நடுவே குனிந்து தேடினால் ட்ரோசெரா என்ற பூச்சி தின்னும் செடி அகப்படலாம். அதன் சின்னஞ்சிறு இலையைச் சுற்றிச் சிவந்த மயிர்க்கால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பிசுபிசுப்பாக ஒரு துளி. பனித்துளி என்று நினைத்து வந்து உட்காரும் கொசுவுக்கு அதோடு கதை முடிந்தது.

அப்புறம் தலையை நிமிர்த்தினால், பத்தடி மேலே ஒரு வரையாடு உங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டுக்கொண்டிருக்கும்.

வரையாடு கட்டாயம் தெரியுமா?

எந்தக் காட்டிலும் கட்டாயம் என்ற வார்த்தை செல்லாது. ஆனாலும் காட்டு விலங்கை இவ்வளவு எளிதாக, நடந்துபோய், இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் இடம் தென்னிந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். வரையாடுகள் உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கின்றன, அதுவும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மட்டும். 2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் சேர்ந்து கணக்கெடுத்தபோது மொத்தம் 2,668 ஆடுகள். அதில் 841 இந்த ஒரு பூங்காவில். நம் மாநில விலங்கைப் பார்க்கக் கேரளத்துக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. அதை வைத்துப் பிரித்துப் பார்க்க முயன்றால் குழப்பம்தான். நிறத்தைப் பாருங்கள். பெண் ஆடு சாம்பல் கலந்த பழுப்பு, முன்னங்கால் முட்டியில் கறுப்புத் திட்டு. வயதான கிடா ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும். அதன் முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. கொம்பு தடிமனாக, குறுக்கே வளையங்களோடு பின்னால் வளைந்து போகும். இந்தக் கிடாக்கள் வருடத்தின் பெரும்பகுதி தனியாகவோ கிடாக்களோடு மட்டுமோ திரியும். மழைக்காலத்தில்தான் இனச்சேர்க்கைக்கு மந்தையோடு சேரும். அதனால் சாலையோரம் நீங்கள் பார்ப்பது அநேகமாகப் பெண் ஆடுகளும் குட்டிகளும் இளங்கிடாக்களுமாக இருக்கும். வெள்ளி முதுகு கண்ணில் பட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், அடுத்த பஸ்ஸில் இறங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு கிட்டே வருகிறதே, தொடலாமா? ஏதாவது கொடுக்கலாமா?

இரண்டும் கூடாது. பல தலைமுறையாக ராஜமலையில் மனிதர்களால் ஆபத்து வராததால்தான் இந்த ஆடுகள் நம்மைக் கண்டுகொள்வதில்லை. பழக்கப்பட்ட ஆடு என்று அர்த்தமில்லை. ஒரு பிஸ்கட் போதும், சாலையையே சுற்றிக்கொண்டிருக்கப் பழகிவிடும். பாறை முகடுதான் அதற்குப் பாதுகாப்பு. சிறுத்தையோ செந்நாயோ துரத்தினால் அங்கே ஏறித்தான் தப்பிக்கும். தாயையும் குட்டியையும் பிரிப்பதுபோல நடுவில் போய் நிற்காதீர்கள். சாலையை விட்டுப் புல்லில் காலை வைத்தால் காவலர் விசிலடிப்பார். அபராதமும் விழலாம்.

புலி, யானை பார்க்க முடியுமா?

இரண்டும் இந்தக் காட்டில் உண்டு. ஆனால் சுற்றுலா நேரத்தில் அந்தச் சாலையில் பார்ப்பது அபூர்வம். யானைதான் வேண்டும் என்றால் பூங்காவை விடத் தேயிலைத் தோட்டச் சாலைகளில் வாய்ப்பு அதிகம். மூணாறு மக்கள் 'படையப்பா' என்று பெயர் வைத்திருக்கும் கொம்பன் கடைவீதிப் பக்கமே வந்துபோவான். எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் இருங்கள். இறங்கி வீடியோ எடுக்கும் புத்திசாலிகளால்தான் அசம்பாவிதம் நடக்கிறது.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

2030இல். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டமாகப் பூத்து, விதை விட்டு, செடியே மடிந்துவிடும். இந்த மலையில் 1994, 2006, 2018 என்று பூத்து வந்திருக்கிறது. 2018இல் பூக்கும் நேரத்தில்தான் கேரளப் பெருவெள்ளம் வந்தது. மூணாறிலிருந்து பூங்காவுக்குப் போகும் வழியில் இருந்த பெரியவாரைப் பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவர்களில் பலரால் மலைக்கு வரவே முடியவில்லை.

ஆண்டுதோறும் "குறிஞ்சி பூத்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றும். அது முழுப் பொய்யும் இல்லை. குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. சில ஆண்டுதோறும் பூக்கும், சில அதைவிட நீண்ட இடைவெளியில். நீலக்குறிஞ்சியிலேயே வேறு மலைகளில் வேறு ஆண்டு வரிசையில் பூக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிசை தப்பிப் பூக்கும் செடிகளும் உண்டு. ராஜமலைச் சரிவு முழுக்க நீலமாவதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் 2030 வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக்கான கூட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதே மூச்சு முட்டுகிறது.

பூக்காத ஆண்டிலும் செடியைப் பார்க்கலாம். சாலையோரம் இடுப்பளவுக்குப் புதராக, கரும்பச்சையாக நிற்கும். காவலரைக் கேட்டால் காட்டுவார்.

ஆனைமுடி ஏறலாமா?

முடியாது. 2,695 மீட்டர், தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம். பூங்காவின் தென்பகுதியில் இருக்கிறது. மேகம் விலகினால் சாலையிலிருந்தே பார்க்கலாம். கூரான முடியைத் தேடாதீர்கள். யானையின் நெற்றிபோலத்தான் அகலமாக இருக்கும். "ரகசியமாகக் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் அது வன உயிரினச் சட்டப்படி குற்றம், மாட்டுவது நீங்கள்தான்.

மலையெல்லாம் மொட்டையாக இருக்கிறதே, மரம் நட்டால் என்ன?

நல்ல மனதோடு கேட்கிறார்கள், ஆனால் நட்டால் கெட்டுவிடும். இங்கே இயற்கையே அப்படித்தான். மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழும். புல் அதைத் தாங்கும், சோலை மரங்களின் கன்றுகளால் தாங்க முடியாது. காற்றும் தீயும் மெலிந்த மண்ணும் சேர்ந்துகொள்ள, மரங்கள் மடிப்புக்குள்ளேயே ஒதுங்கி நிற்கின்றன. பெய்யும் மழையைப் புல்லும் சோலையும் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல ஓடையாக விடும். பாம்பாற்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. அது கிழக்கே ஓடி நம் அமராவதியில் சேர்கிறது. ஆக, உடுமலை, தாராபுரம் பக்கத்து வயலுக்கும் இந்தப் புல்லுக்கும் தொடர்பு இருக்கிறது.

மரம் நட்டுப் பார்த்தும் இருக்கிறார்கள். தோட்டக்காரர்களும் வனத்துறையினரும் இந்த மலைகளில் கொண்டுவந்து வைத்த, வாட்டில் எனப்படும் சீகை மரமும் யூகலிப்டஸும் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கின்றன. அவற்றைப் பிடுங்கி எடுப்பதற்கு இப்போது செலவு செய்கிறார்கள்.

பறவை பார்ப்பவர்களுக்கு?

புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. சோலை விளிம்பில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு ஈப்பிடிப்பான், கரும்நீலத்தில் நீலகிரி ஈப்பிடிப்பான், புதருக்குள்ளிருந்து சத்தம் போடும் சிரிப்பான். முதல் பஸ் கூட்டம் கலைந்ததும் சாலை வளைவில் அசையாமல் நின்றால் போதும்.

பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. நல்ல சாலை, ஆனால் ஏற்றம். உயரத்தில் மூச்சு வாங்கும். மூட்டுவலி உள்ளவர்கள் பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றியே நிதானமாக நடந்தால்கூட ஆடு தெரிய வாய்ப்பிருக்கிறது. கழிவறை போய்விட்டு நடக்கத் தொடங்குங்கள், மேலே நடுவழியில் எதுவும் இல்லை.

என்னென்ன கொண்டு போக வேண்டும்?

ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. காற்று பலமாக இருக்கும்போது குடை திரும்பிக்கொள்ளும். குளிர்கிறதே என்று வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த உயரத்தில் தோல் கறுத்துவிடும், தொப்பி தேவை. பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பாறையில் புள்ளியாகத் தெரிவதெல்லாம் அதில்தான் ஆடாக மாறும். பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. டிரோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

இது எப்படித் தேசியப் பூங்கா ஆனது?

1877இல் பூஞ்சார் அரசரிடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். தேயிலை வந்தது. தோட்டத்து துரைமார்கள் வேட்டையாடுவதற்கென்று இந்த மேட்டுநிலத்தை மட்டும் தேயிலை வைக்காமல் விட்டுவைத்தார்கள். தாங்கள் சுடுவதற்கு மிருகம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவே மற்றவர்களைச் சுடவிடாமல் காவல் வைத்தார்கள். அந்தச் சுயநலத்தால்தான் ஆடு பிழைத்தது என்பது வேடிக்கையான உண்மை. 1971இல் கேரள அரசு சட்டம் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா, கேரளத்தில் முதலாவது. 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

அன்று துரைமார்களுக்குக் காவலாளிகளாக இருந்தவர்கள் முதுவர் பழங்குடியினர். இன்றும் காவலர்களிலும் வழிகாட்டிகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களின் வழிவழிக் கதை. தமிழில் பேசினால் நன்றாகப் பேசுவார்கள். ஒரு வணக்கம் சொல்லி, "அண்ணே, காலையில கிடா எந்தப் பக்கம் நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லாத தகவல் கிடைக்கும்.

சாலையில் தடுப்புக்கு அப்பால் என்ன இருக்கிறது?

பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு நிலச்சரிவு வந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. 70 பேர் இறந்தார்கள், சிலரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், தலைமுறைகளுக்கு முன் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள். அதையும் தாண்டிப் போனால் முதுவர்களின் இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. சுற்றுலாப் பயணிகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. நமக்கு வேடிக்கை பார்க்கும் சாலை அவர்களுக்கு வீட்டுக்குப் போகும் வழி. ஜீப் வந்தால் ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள்.

மதியமே முடிந்துவிட்டது, மீதி நாளை எப்படிக் கழிப்பது?

மறையூர்ப் பக்கம் இறங்கினால் வழியில் லக்கம் அருவி. பூங்காவுக்குள்ளிருந்து வரும் தண்ணீர்தான், குளிக்கலாம், நல்ல ஜில்லிப்பு. மறையூரில் இயற்கையாக வளர்ந்த சந்தனக்காடு, பாறை மேல் முனியறை என்று சொல்லும் பெருங்கற்காலக் கல்லறைகள், கரும்பு வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். கொட்டகையில் சுடச்சுட உருண்டை பிடிப்பதை நின்று பார்க்கலாம், கேட்டால் ஒரு துண்டு கையில் வைப்பார்கள். அதற்கும் கீழே சின்னாறு சரணாலயத்தில் நரை அணில் பார்க்க வாய்ப்புண்டு.

மூணாறு பக்கம் திரும்புகிறவர்கள் அதே நாளில் வட்டவடையையும் பாம்பாடும் சோலையையும் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். அது வேறு திசை, ஒரு முழு நாள் வேலை. மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.